ஒரே பெட்டியில் எல்லாப் பிரதிகளும்

தமிழில் மின்னூல் வெளியிடும் எழுத்தாளர்களுக்கும் சிறு பதிப்பாளர்களுக்கும்:

கிண்டிலில் உங்கள் நாவலையோ சிறுகதைத் தொகுப்பையோ ஏற்றும்போது ஒரு சின்னக் கேள்வி வரும்: நகலெடுப்பதைத் தடுக்கும் டி.ஆர்.எம். பூட்டு வேண்டுமா, வேண்டாமா? அட்டைப்படம் சரியாக விழுந்திருக்கிறதா, விலையை எவ்வளவு வைப்பது என்ற கவலையில் இருக்கும் நேரத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் அதிகம் மெனக்கெடுவதில்லை. பூட்டு என்றால் பாதுகாப்புதானே என்று ‘வேண்டும்’ என்பதைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பீர்கள். அந்த ஒரு தட்டலைப் பற்றித்தான் இந்த மடல். அந்தப் பூட்டின் சாவி உங்களிடம் இல்லை, காசு கொடுத்து வாங்கிய வாசகரிடமும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து மின்னூல் கடை என்ற மூன்றாவது ஆளிடம் கொடுத்துவிட்டீர்கள். அந்த மூன்றாவது ஆள் அதை வைத்துக்கொண்டு என்னென்ன செய்ய முடியும் என்பதற்கு இந்தப் பதினைந்து பதினாறு ஆண்டுகளில் போதுமான சான்றுகள் சேர்ந்துவிட்டன.

முதல் சான்று, புனைகதையாக எழுதியிருந்தால் ஆசிரியரே மிகை என்று அடித்திருப்பார். 2009 ஜூலையில் அமெரிக்கக் கிண்டில் வாசகர்களின் கருவிகளிலிருந்து சில நூல்கள் இரவோடு இரவாகக் காணாமல்போயின. போனவை ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’. அந்தப் பதிப்பை விற்றவரிடம் அமெரிக்காவுக்கான உரிமை இல்லை என்று தெரிந்ததும், அமேசான் வாசகர்களின் கருவிக்குள் கைவிட்டு நூலை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்தது. அடுத்த சில நாட்களில் அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவர் மன்னிப்பு உண்மையானதாகவே இருக்கட்டும். ஆனால் உரிமை இல்லாத நூலைக் கடைக்காரர் விற்றுவிட்டால் வழக்கு கடைக்காரர் மேல்தான் வரும். நம் வீட்டு அலமாரியைத் திறந்து யாரும் புத்தகத்தை எடுத்துப் போவதில்லை. மின்னூலில் அது முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது. முடியும் என்றான பிறகு, செய்யமாட்டோம் என்ற வாக்குறுதி ஒன்றுதான் நடுவே நிற்கிறது.

பத்தாண்டு கழித்து மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. 2019 ஜூலையோடு அங்கே வாங்கிய நூல்கள் எதையும் யாரும் திறக்க முடியாமல் போயிற்று. பணம் திரும்பி வந்தது. ஓரக்குறிப்பு எழுதிவைத்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலர் கொடுத்தார்கள். படிக்கும்போது பக்க ஓரங்களில் சேர்த்த எண்ணங்களுக்கு யாரோ போட்ட விலை அது. 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியே கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை நிறுத்தியது. பழைய வாசகர்கள் பலர் தங்கள் நூலகத்தைத் தனியே சேமித்துவைக்கப் பயன்படுத்திவந்த வழி அதுதான். இதே காலத்தில், 2025 தொடக்கத்தில், கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: பின்னாளில் திரும்பப் பெறக்கூடிய உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று பொத்தானில் எழுதக் கூடாது. ஒரு மாநில சட்டமன்றம் உட்கார்ந்து ‘வாங்குதல்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டிய நிலை வந்திருக்கிறது என்றால், வாசகரின் ஆத்திரம் எந்த அளவுக்குப் போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அமேசானுக்கல்லவா எழுத வேண்டும், எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பெரிய ஆங்கிலப் பதிப்பகத்தின் எழுத்தாளருக்கு இல்லாத ஓர் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அவருடைய நூலுக்குப் பூட்டுப் போடுவதா என்பதைப் பதிப்பகம் முடிவு செய்கிறது. நீங்களே ஏற்றும் நூலுக்கு முடிவு உங்களுடையது. ‘வேண்டாம்’ என்று தட்டினால் பூட்டு விழாது. 2026 ஜனவரியிலிருந்து, பூட்டில்லாமல் வெளிவரும் நூல்களை வாங்கியவர்கள் இபப், பி.டி.எஃப். கோப்பாகவே இறக்கிக்கொள்ளவும் அமேசான் வழி செய்திருக்கிறது. ஏற்கெனவே வெளியான நூலென்றால் நீங்கள் உங்கள் கணக்குக்குள் போய் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். அதாவது வாசகரின் கையில் ஒரு பிரதி தங்குமா தங்காதா என்பதை, உங்கள் நூலைப் பொறுத்தவரை, இப்போது தீர்மானிப்பது நீங்கள். பழியை நிறுவனத்தின் மேல் போட்டுவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியாத இடம் இது.

ஒரு பிரதி வாசகர் கையில் தங்குவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ் எழுத்தாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வியப்பு. நம்மிடம் இன்றைக்கு இருக்கும் பழைய இலக்கியம் பெரும்பாலும் பிரதிகளின் எண்ணிக்கையால் பிழைத்தது. ஒரு மடத்தில் செல்லரித்த பகுதி இன்னொரு ஊரில் ஒரு கவிராயர் வீட்டுப் பரணில் இருந்தது. சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் ஊர் ஊராக ஏடு தேடியது, ஒன்று கெட்டிருந்தாலும் இன்னொன்று எங்காவது நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான். 1887இல் சிந்தாமணி அச்சேறியது, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. ஏடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் படித்துச் சுவைத்தவர்கள் இல்லை; என்ன இருக்கிறது என்றே தெரியாமல் வைத்திருந்தவர்களும் உண்டு. அப்படி வைத்திருந்ததே போதுமாக இருந்தது. மறுபக்கம், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சு நூல்களில் வேறெங்கும் பிரதி இருந்தவை மீண்டும் கிடைத்தன. ஒற்றைப் பிரதியாக அங்கே மட்டும் இருந்தவை போனது போனதுதான். பின்னாளில் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களை மின்வடிவில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருப்பதற்குப் பின்னால் அந்தத் தீயின் பாடமும் இருக்கிறது என்றே நான் படிக்கிறேன்.

கிண்டிலில் மட்டும் வெளியாகும் தமிழ் நூல் ஆயிரம் பேரால் வாங்கப்பட்டிருக்கலாம். ஆயிரம் பிரதி இருப்பதுபோலத் தோன்றும். ஆயிரமும் ஒரே நிறுவனத்தின் பெட்டிக்குள், ஒரே பூட்டுக்கு உட்பட்டு இருப்பதால், பிழைத்திருக்கும் கணக்கில் அது ஒற்றைப் பிரதிதான். அச்சு நூலுக்காவது 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிப்பாளர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் ஒரு படி அனுப்பியாக வேண்டும். எல்லோரும் ஒழுங்காக அனுப்புகிறார்களா என்று கேட்காதீர்கள். ஆனால் அப்படி ஒரு கடமை ஏட்டிலாவது இருக்கிறது. அச்சுக்கே போகாத உங்கள் நூல் அந்தக் கணக்கிலும் இல்லை.

இனித் தணிக்கைக்கு வருகிறேன். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த ‘அமைதிப் பேச்சு’க்குப் பிறகு, விற்காத படிகளைத் திரும்பப் பெறுவதாக எழுத்தாளர் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். ‘விற்காத’ என்ற சொல்லைக் கவனியுங்கள். விற்ற படிகளை யாராலும் தொட முடியவில்லை. நான்கு ஆண்டுகளில் அந்த நாவல் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருந்தது, ஆங்கிலத்திலும் வந்திருந்தது. அந்தப் படிகள் அங்கங்கே கிடந்தபடியே காத்திருந்தன. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளருக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னபோது நாவல் நம்மிடையே இருந்தது. 2014இல் வெண்டி டோனிகரின் ‘தி இந்துஸ்’ நூலை இந்தியாவில் திரும்பப் பெறப் பெங்குயின் ஒப்புக்கொண்டபோதும் வாங்கிய படிகள் அலமாரியிலேயே இருந்தன. மிரட்டலும் வழக்கும் கெடுபிடியும் எவ்வளவு வலுவாக இருந்தாலும், பல கைகளுக்குப் பிரிந்துபோன அச்சுப் படியிடம் அவை கடைசியில் தோற்றன.

இதையே மின்னூலில் நினைத்துப் பாருங்கள். கூட்டம் கூட்ட வேண்டாம், ஊர்வலம் வேண்டாம், ஆட்சியர் அலுவலகம் வேண்டாம். ஒரு புகார், ஒரு விதிமுறை, ஒரு மின்னஞ்சல் போதும். 2013 அக்டோபரில் பிரிட்டனில் ஒரு செய்தி வெளிவந்ததைத் தொடர்ந்து, ஆபாச நூல்களை நீக்குகிறோம் என்று மின்னூல் கடைகள் இறங்கின. நோக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் கோபோ அங்கே தன் கடையில் சுயமாக வெளியிடப்பட்ட நூல்களை மொத்தமாகவே எடுத்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தது. டபிள்யூ.எச். ஸ்மித் தன் இணையக் கடையையே சில நாள் மூடிவிட்டது. சமையல் குறிப்பு எழுதியவரும் குழந்தைக் கதை எழுதியவரும் ஒரே வலையில் மாட்டினார்கள். அரசு ஒரு நூலைத் தடை செய்தால் ஆணை எண் இருக்கும், காரணம் எழுத வேண்டும், உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். கடை எடுத்தால் அது வணிக முடிவு. ‘எங்கள் வழிகாட்டுதல்களுக்கு ஒத்துவரவில்லை’ என்ற ஒரு வரிக்கு மேல் உங்களுக்குப் பதில் சொல்லும் கட்டாயம் அதற்குக் கிடையாது. சாதியையோ சாமியையோ கட்சியையோ தொட்டு எழுதுகிறவர்கள் உங்களில் நிறையப் பேர். உங்களுக்கு இது தொலைவில் நடக்கிற கதை இல்லை.

நீக்குவதை விடவும் எனக்கு அதிகம் கவலை தருவது திருத்துவது. 2023இல் ரோல்டு டாலின் சிறுவர் நூல்களில் புண்படுத்தும் சொற்கள் என்று கருதியவற்றைப் பதிப்பகம் மாற்றியது. பழைய பதிப்பை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியிருந்த பிரிட்டிஷ் மின்னூல் வாசகர்களின் நூல்களும் தாமாகவே புதிய வாசகத்துக்கு மாறின. அந்த மாற்றங்கள் சரியா தவறா என்பது வேறு விவாதம். பழையது எங்கே என்பதுதான் என் கேள்வி. நம் பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் பாடபேதங்களைக் கொடுத்தார்கள். ஒரு சொல் இந்த ஏட்டில் இப்படி, அந்த ஏட்டில் அப்படி என்று எழுதிவைத்தார்கள். ஏடுகள் ஒன்றோடொன்று முரண்பட்டதால்தான் அது முடிந்தது. எல்லாப் பிரதியும் ஒரே நொடியில் ஒரே மாதிரி மாறிவிடும் நூலில் பாடபேதம் என்று ஒன்று இருக்கவே முடியாது. நீங்களே இரண்டாம் பதிப்பை ஏற்றும்போது முதல் பதிப்பு அந்தக் கடையிலிருந்து மறைந்துவிடுகிறது என்பதையும் யோசித்திருக்கிறீர்களா?

அடுத்தது, வாசகரின் அந்தரங்கம். கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் 2015 ஜூலையிலிருந்து உங்களுக்குப் பணம் வருவது படிக்கப்பட்ட பக்கக் கணக்கில். இன்று இத்தனை பக்கம் என்று வரைபடத்தைப் பார்த்து மகிழ்கிறீர்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு வாசகரும் எந்தப் பக்கம்வரை போனார் என்பதை நிறுவனம் எண்ணுவதிலிருந்து. உங்களுக்குக் காட்டுவது கூட்டுத்தொகை. அவர்களிடம் இருப்பது ஆள்வாரியான பதிவு. கணவனைப் பிரிவது பற்றிய நாவலை ஒரு பெண் இரவு இரண்டு மணிக்கு எந்தப் பக்கத்தில் நிறுத்தினாள், எந்த வரியை மஞ்சளில் குறித்தாள் என்பது ஓர் ஆவணமாக எங்கோ இருக்கிறது. வாடகை நூலகத்துக்காரருக்கு என்ன எடுத்துப்போனாள் என்று தெரியும்; அதற்கு மேல் தெரியாது. நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வட கரோலினா வரித்துறை வாடிக்கையாளர்கள் வாங்கியவற்றின் விவரங்களைக் கேட்டபோது அமேசான் மறுத்து வழக்குப் போட்டு 2010இல் வென்றது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் அன்று வாசகரைக் காப்பாற்றியது ஒரு நிறுவனத்தின் விருப்பமும் ஒரு நீதிபதியின் துணிவும். நம் நாட்டில் 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன்பின் வந்த 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, மத்திய அரசு விரும்பும் அரசு அமைப்புகளுக்கு அறிவிக்கை மூலம் விலக்குத் தரலாம் என்கிறது. பதிவே இல்லாத இடத்தில் இந்தக் கேள்வி எதுவும் எழாது. உங்கள் நூலைக் கோப்பாக வாங்கி இணையத்தைத் துண்டித்துவிட்டுப் படிக்கும் வழியாவது வாசகருக்கு இருக்க வேண்டாமா?

உங்கள் மறுப்புகள் எனக்குக் கேட்கின்றன. முதலாவதும் உரத்ததும் திருட்டு. பூட்டை எடுத்தால் மறுநாளே டெலிகிராமில் ஓடும் என்கிறீர்கள். உங்கள் வயிற்றெரிச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அங்கே ஓடும் தமிழ் பி.டி.எஃப்.களைத் திறந்து பாருங்கள். பக்கம் கோணலாக, நடுவில் தையல் நிழல் விழுந்து, சிலதில் நூலக முத்திரையோடு இருப்பவை ஏராளம். அச்சுப் புத்தகத்தைப் பிரித்துவைத்து ஸ்கேன் செய்தவை அவை, எந்த டி.ஆர்.எம்.மும் அவற்றைத் தடுத்திருக்காது. மின்னூல் பூட்டை உடைக்கத் தெரிந்தவருக்கு அது பெரிய வேலையும் இல்லை. கடைசியில் பூட்டு யாரை நிறுத்துகிறது? காசு கொடுத்து வாங்கி, கருவி மாற்றும்போது நூலும் கூட வர வேண்டும் என்று நினைக்கிற நேர்மையான வாசகரை. நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவுகூட, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. சட்டமே வாசகரை இந்த அளவுக்கு நம்பும்போது எழுத்தாளர் நம்பாமலிருப்பது எனக்கு உறுத்துகிறது.

இரண்டாவது மறுப்பு பணம். இதற்கு எளிதான பதில் என்னிடம் இல்லை. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அமேசானின் கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும்; இல்லாவிட்டால் 35தான். செலக்டில் சேர்ந்தால் 90 நாளைக்கு மின்வடிவத்தை வேறெங்கும் விற்கக் கூடாது, இலவசமாகத் தரவும் கூடாது. நீங்கள் நிறுத்தாவிட்டால் அடுத்த 90 நாளுக்குத் தானாகவே நீளும். பாதி வருமானத்தை விடு என்று, வருமானமே சொற்பமாக இருக்கும் ஒரு மொழியின் எழுத்தாளரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நூலக ஆணைக்காகக் காத்திருந்து சலித்த பதிப்பாளர்களுக்கும், அச்சுக்குக் கையிலிருந்து காசு போட்டு வீட்டில் கட்டுக் கட்டாக அடுக்கிவைத்திருந்த கவிஞர்களுக்கும் கிண்டில் ஒரு வாசலைத் திறந்தது என்பது உண்மை. அதை மறுக்கிறவர்கள் அந்தக் கட்டுகளைப் பார்த்ததில்லை. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அமேசானில் மட்டுமே விற்பேன் என்ற ஒப்பந்தம் வேறு, பூட்டு வேறு. செலக்டில் இருந்துகொண்டே பூட்டில்லாமல் விற்கலாம். ஒரு பைசா குறையாது. அச்சுக்கும் அந்த ஒப்பந்தத்தில் தடை இல்லை. ஒரு நூலின் விற்பனை பெரும்பாலும் முதல் சில மாதங்களில் முடிந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகும் 90 நாள், 90 நாளாக அதைக் கட்டிப்போட்டு வைப்பதில் யாருக்கு லாபம்?

அச்சுப் புத்தகம் மட்டும் நிரந்தரமா, கரையான் அரிக்காதா, மழையில் நனையாதா என்று மூன்றாவதாகக் கேட்கிறார்கள். அரிக்கும், நனையும். ஆனால் கரையான் ஒரே இரவில் எல்லா வீட்டுக்கும் போவதில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இனி ஏற்றும் நூலுக்கு டி.ஆர்.எம். வேண்டாம் என்று தட்டுங்கள். ஏற்கெனவே ஏற்றியவற்றுக்குக் கணக்கில் போய் மாற்றி, கோப்பை இறக்கிக்கொள்ள வாசகருக்கு ஒப்புதல் கொடுங்கள். விற்பனை ஓய்ந்த நூலை செலக்டிலிருந்து எடுத்துவிட்டு, உங்கள் சொந்தத் தளத்திலோ வேறு கடையிலோ இபப் கோப்பாக விற்பனைக்கு வையுங்கள். பணம் வராத நிலைக்கு வந்துவிட்ட நூலென்றால், படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவிடம் கொடுக்கலாம்; ஈழத்து எழுத்தென்றால் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். 1998இலிருந்து மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பிலேயே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது; உயிரோடு இருக்கும் நீங்கள் உங்கள் கோப்பைக் கொடுக்க ஒரு மின்னஞ்சல் போதும். மின்னூலாக மட்டும் வந்த ஒவ்வொன்றிலும் தேவைக்கேற்ப அச்சிடும் பி.ஓ.டி. முறையில் ஒரு இருபது படியாவது அச்சடித்து, கன்னிமாராவுக்கு ஒன்று, ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒன்று, உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு ஒன்று என்று அனுப்பிவையுங்கள்.

செலக்டில் உங்கள் 90 நாள் என்றைக்கு முடிகிறது என்பது உங்கள் கணக்கில் நூலின் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். இன்றைக்கு அதைப் பார்த்துக் குறித்துவையுங்கள். தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் இருக்கும் டிக்கை அந்தத் தேதிக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.